சார்ல் து கோலில் இறங்கி தூர் நகருக்கு: எந்த வழி உண்மையில் மலிவு?

சார்ல் து கோல் விமான நிலையம் பாரிஸுக்கு வடகிழக்கே இருக்கிறது. தூர் நகரம் தென்மேற்கே, லுவார் ஆற்றங்கரையில், பாரிஸிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே பாரிஸ் குறுக்கே படுத்திருக்கிறது. இரவெல்லாம் விமானத்தில் விழித்திருந்தவர், இரண்டு பெரிய பெட்டிகளோடு அந்த நகரத்தைக் கடப்பதா, சுற்றிக்கொண்டு போவதா என்பதுதான் கேள்வி. பணக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

அண்ணன் மகள் தூர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, "பெயரிலேயே தூரம் இருக்கிறதே" என்றார் அண்ணி. அதன் பிறகு நான்கு முறை போய் வந்துவிட்டேன், நான்கு விதமாக. ஒவ்வொரு முறையும் டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு, விமானம் தாமதமானால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைப் பார்க்க மறந்தேன். ஆகவே இந்த அலசலில் அந்தக் கேள்வியை ஒவ்வொரு வழியிடமும் கேட்கப் போகிறேன்.

விமான நிலையத்திலிருந்தே நேரடி டிஜிவி

டெர்மினல் 2-இன் அடியிலேயே அதிவேக ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. 1994-இல் திறந்தார்கள். வேறு டெர்மினலில் இறங்கினால் கட்டணமில்லாத உள் ரயிலில் ஏறி வந்துவிடலாம். இங்கிருந்து புறப்படும் சில டிஜிவிகள், அதாவது பிரான்சின் அதிவேக ரயில்கள், பாரிஸுக்குள் நுழையாமல், கிழக்கே டிஸ்னிலாந்து இருக்கும் மார்ன் லா வலே வழியாக வளைந்து, தெற்கே மாஸி நிலையத்தைத் தொட்டு, தென்மேற்கிலுள்ள போர்தோ நகரம் பக்கம் போகின்றன. தூருக்குப் பக்கத்து நிலையமான சான் பியேர் தே கோருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். மாஸிக்கு முன்னால் ரயில் ஊர்ந்துதான் போகும், கவலைப்பட வேண்டாம். அதைத் தாண்டியதும் பிடிக்கும் வேகத்தில் கண்ணாடிக்கு வெளியே வயல்கள் கோடுகளாகிவிடும். இதே தண்டவாளத்தில், வாந்தோம் அருகே, 1990 மே 18 அன்று ஒரு டிஜிவி மணிக்கு 515.3 கிலோமீட்டர் ஓடி அன்றைய உலகச் சாதனையைப் படைத்தது.

அது என்ன சான் பியேர் தே கோர்? தூர் ரயில் நிலையம் முட்டுச்சந்து போன்றது, உள்ளே போன ரயில் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் நீண்டதூர ரயில்கள் பெரும்பாலும் பக்கத்து ஊரில் நின்றுவிட்டுப் போகின்றன. அங்கிருந்து தூருக்கு ஓர் இணைப்பு ரயில் ஐந்து நிமிடத்தில் கொண்டுவிடும். முன்பதிவு செய்யும்போது சேருமிடமாகத் தூர் என்றே போடுங்கள், இணைப்பு ரயிலும் டிக்கெட்டில் சேர்ந்துவிடும்.

குறை என்னவென்றால் இந்த நேரடி ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலதான். 2017 ஜூலை 2 அன்று போர்தோ வரை புதிய அதிவேகப் பாதை திறந்தது. அது சான் பியேர் தே கோரை ஒதுக்கிவிட்டுப் போகிறது. இங்கே நிற்க வேண்டுமானால் ரயில் அந்தப் பாதையை விட்டு இறங்கி வர வேண்டும். போர்தோக்காரர்களுக்கு நேரம் மிச்சமானது, தூர்க்காரர்களுக்கு ரயில் குறைந்தது.

விலை? இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் 30 யூரோவை ஒட்டிக் கிடைத்திருக்கிறது. புறப்படும் நாளன்று எடுத்தால் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். முதல் முறை நான் கெட்டிக்காரத்தனமாக மலிவு டிக்கெட்டை முன்பே எடுத்து வைத்திருந்தேன், தரையிறங்கி இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு. விமானம் இரண்டேகால் மணி நேரம் தாமதம். என் ரயில் கிளம்பிய நேரத்தில் நான் கடவுச்சீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், முன்னால் நாற்பது பேர். தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்பதால் விமான நிறுவனத்துக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த ரயிலுக்கு அன்றைய விலையைக் கொடுத்தேன். மலிவு டிக்கெட்டும் விலை டிக்கெட்டும் சேர்ந்து, அந்த ஆண்டின் மிக உயர்ந்த தூர் பயணக் கட்டணம் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மருந்து ஒன்று உண்டு. ஏர் பிரான்ஸ் உள்ளிட்ட சில விமான நிறுவனங்கள் விமானத்தையும் டிஜிவியையும் ஒரே டிக்கெட்டாக விற்கின்றன. சான் பியேர் தே கோருக்கு விமான நிலையங்களைப் போல எக்ஸ்.எஸ்.எச். என்ற மூன்றெழுத்துக் குறியீடே இருக்கிறது. விமானம் தேடும் இடத்தில் அதைச் சேருமிடமாகப் போட்டுப் பாருங்கள். விமானம் தாமதித்து ரயில் போய்விட்டால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் திரும்பும்போது கவனம் தேவை. டிக்கெட்டின் முதல் கட்டமான ரயிலை விட்டுவிட்டு நேராக விமான நிலையம் போய் நின்றால், மீதிப் பயணத்தையே ரத்து செய்துவிடலாம். பாரிஸில் இரண்டு நாள் சுற்றிவிட்டு விமானம் ஏறலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த டிக்கெட் வேண்டாம்.

பாரிஸுக்குள் போய் மோன்பர்னாஸில் டிஜிவி

ரயில்களின் எண்ணிக்கை வேண்டுமென்றால் பாரிஸ் நகருக்குள் இருக்கும் மோன்பர்னாஸ் ரயில் நிலையம்தான். அங்கிருந்து நாள் முழுவதும் ரயில் உண்டு. சில, தூர் நகர நிலையத்துக்குள்ளேயே ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்கின்றன. விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குள் வர ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில். 2025 ஜனவரியில் விமான நிலைய டிக்கெட்டை ஒரே விலையாக 13 யூரோ என்று வைத்தார்கள். மெட்ரோ மாறுவதும் அதிலேயே அடங்கும். இது ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும் வகை. ஆகவே டிஜிவி 20 யூரோவுக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்படும்போது இந்த விமான நிலைய டிக்கெட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். நேரடி ரயிலின் விலைக்கே வந்து நிற்கும்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். தொலைபேசிச் செயலி பெரும்பாலும் பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரில் இறங்கி 4-ஆம் எண் மெட்ரோவில் மாறச் சொல்லும். கேட்காதீர்கள். ஆர்.இ.ஆரிலேயே உட்கார்ந்து டான்ஃபேர் ரோஷ்ரோ வரை போய், 6-ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மோன்பர்னாஸ். 4-ஆம் எண் நடைமேடை ரயில் நிலையத்திலிருந்து எட்ட இருக்கிறது. நகரும் நடைபாதை போட்ட நீண்ட சுரங்கவழியில் பெட்டியை இழுக்க வேண்டும். 6-ஆம் எண் மெட்ரோவோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவிடும். ஒரு முறை, வழியில் மாறிய நிலையம் ஒன்றில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. 23 கிலோ பெட்டியைப் படிக்கட்டில் தூக்கியபோது, உள்ளே அண்ணி வைத்திருந்த ஊறுகாய் பாட்டில்களின் எண்ணிக்கை எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. நான்கு.

இன்னொரு பக்கம் பார்த்தால், கார் து நோர் என்றால் லாசப்பல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்கள் நிலையத்துக்கு நடை தூரம்தான். மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டு மணி நேரம்தான் என்றால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

தாமதத்தின் நஷ்டம் இங்கேயும் உங்கள் தலையில்தான், ஆனால் அடுத்த ரயில் சீக்கிரம் வரும். இரவு நேரங்களிலும் ஆகஸ்ட் மாதத்திலும் ஆர்.இ.ஆர். பாதையில் பராமரிப்பு வேலை நடந்து ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதுண்டு. முன்தினம் பார்த்துவிடுங்கள்.

ஓஸ்தர்லிட்ஸிலிருந்து மெதுவான ரயில்

என் மனதுக்குப் பிடித்த வழி இதுதான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன், என் பாரபட்சம் தெரிந்திருக்கட்டும். கார் து நோரில் 5-ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் நேராக ஓஸ்தர்லிட்ஸ். மெட்ரோ சென் ஆற்றின் மேல் பாலத்தில் ஏறி வளைந்து, ரயில் நிலையத்தின் பெரிய கூடத்துக்குள்ளேயே உயரத்தில் புகுந்து நிற்கும்.

இங்கே இரண்டு வகை ரயில்கள். ஒன்று, அந்த மாகாணத்தின் ரெமி ரயில். கட்டணம் 30 யூரோவைத் தாண்டும். டிஜிவி போல நாளுக்கு நாள் விலை எகிறாது என்பதே இதன் பலம். தரையிறங்கிய பிறகு நிதானமாக டிக்கெட் எடுக்கலாம். இரண்டாவது, வீகோ என்ற மலிவு ரயில் சேவை 2022 ஏப்ரலில் தொடங்கிய பழைய பாணி ரயில். பழைய பெட்டிகளுக்குப் புது வண்ணம் பூசி, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், நான்த் நகரத்துக்கு ஓட்டத் தொடங்கினார்கள். வழியில் சான் பியேர் தே கோர். நான்த் வரைக்கே 10 முதல் 30 யூரோ என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் நாளைக்கு ஓரிரண்டு ரயில்தான். அடிப்படை டிக்கெட்டைத் திருப்பித் தர மாட்டார்கள். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதை முன்பதிவின்போதே சேர்த்துக் கட்டுவதுதான் மலிவு.

இரண்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். புளுவாவைத் தாண்டியதும் ஆங்காங்கே லுவார் தெரியும். மணல் திட்டுகளுக்கு நடுவே அவசரமில்லாமல் கிடக்கும் ஆறு. அப்புறம் அம்புவாஸ், அப்புறம் தூர். கோடைக்காலத்தில் ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை ரயில்கூட வீணாகாது.

பஸ்ஸும் பங்குக் காரும்

பிரான்சில் நகரங்களுக்கிடையே தனியார் பஸ் தாராளமாக ஓடத் தொடங்கியது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். இன்று ஃபிளிக்ஸ்பஸ், பிளாபிளாகார் பஸ் இரண்டும் பெரியவை. சில பஸ்கள் விமான நிலையத்தின் டெர்மினல் 3 பக்கத்திலிருந்தே கிளம்புகின்றன. மற்றவற்றுக்குப் பாரிஸின் பெர்சி பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அப்படியானால் அந்த ஆர்.இ.ஆர். கட்டணம் மறுபடியும் கணக்கில் ஏறும். நேரடி பஸ் 15 யூரோவுக்கும் எனக்குக் கிடைத்திருக்கிறது. நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை பாரிஸ் வளையச் சாலையில் மாட்டினால் அது வெறும் ஆசைதான். ஃபிளிக்ஸ்பஸ்ஸில் அடியில் வைக்கும் பெட்டி ஒன்றுதான் இலவசம், அதுவும் 20 கிலோ வரை. விமானத்துக்கு 23 கிலோ சரியாக நிறுத்துக் கட்டி வந்தவர்கள் இந்த மூன்று கிலோவை யோசிக்க வேண்டும். தூரில் பஸ் எங்கே நிற்கும் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரின் விளிம்பில் விட்டால் அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸோ டிராமோ பிடிக்க வேண்டும்.

பிளாபிளாகாரில் பங்குக் கார் தேடினால், விமான நிலையத்திலிருந்து நேராகத் தூர் போகிறவர் அபூர்வம். பாரிஸின் தெற்கு எல்லையில் வந்து ஏறச் சொல்வார்கள். பெட்டியோடு அங்கே போவதற்குள் பாதி பிராணன் போய்விடும். மாணவர்களுக்கு, ஒரு முதுகுப்பையோடு, இது அருமையான வழி. அண்ணன் மகள் பாரிஸுக்கு இப்படித்தான் போய் வருகிறாள். "சித்தப்பா, உங்களுக்கு இது சரிப்படாது, பேசிக்கொண்டே வர வேண்டும், பிரெஞ்சில்" என்று எச்சரித்தாள்.

எதை யாருக்கு?

தனி ஆள், ஒரு சிறு பெட்டி, அவசரமில்லை என்றால் பஸ்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. நடு வயது, நல்ல முழங்கால், நேரம் உண்டு என்றால் ஓஸ்தர்லிட்ஸ். மோன்பர்னாஸை நான் கடைசியில் வைக்கிறேன். விலையிலும் நேரடி டிஜிவியைப் பெரிதாக வெல்வதில்லை, சிரமத்திலும் மிஞ்சிவிடுகிறது. நேரடி ரயில் கிளம்பிவிட்ட பிறகு, மாலையில் தரையிறங்குகிறவர்களுக்கு மட்டும் அது வேண்டும்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். போகும்போது விமானம் தாமதித்தால் ஒரு ரயில் டிக்கெட்தான் நஷ்டம். வரும்போது பஸ் தாமதித்தால் விமானமே போய்விடும். ஆகவே பஸ்ஸில் போனவனும் திரும்பும்போது ரயிலுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

இந்தச் சித்திரையில் அண்ணனும் அண்ணியும் முதல் முறையாக மகளைப் பார்க்க வருகிறார்கள். இருவரும் 60-ஐத் தாண்டியவர்கள். அவர்களுக்கு முன்கூட்டி மலிவு டிக்கெட் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு முதியோர் சலுகை அட்டை எடுக்கிறேன். ஓராண்டுக்கு 49 யூரோ. டிஜிவி கட்டணத்தில் 30 சதவீதம் குறையும். அதைவிட முக்கியமானது இரண்டாம் வகுப்புக்கு உச்சவரம்பு: ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரையிலான பயணத்துக்கு, கடைசி நிமிடத்தில் எடுத்தாலும் 69 யூரோவுக்கு மேல் போகாது. விமானம் எத்தனை மணிக்கு இறங்கினாலும், பெட்டிகள் கைக்கு வந்த பிறகு அடுத்த நேரடி ரயிலில் இடம் பிடித்தால் போதும். வெள்ளி, ஞாயிறுகளில் ரயில் நிரம்பிவிடும் என்பதால் வருகையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். டிஜிவியில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை என்று 2024-இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். பெட்டியில் பெயர்ச் சீட்டும் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் கேட்கலாம். பெயர்ச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டேன். ஊறுகாய் எத்தனை பாட்டில் என்று அண்ணி இன்னும் சொல்லவில்லை.