திருப்பூரில் வீடு பார்ப்பவர்களுக்கு: ஒழுகும் தார்சும் திரும்பாத அட்வான்ஸும்

திருப்பூரில் அவிநாசி ரோட்டுப் பக்கம் மாடியில் தனி வீடு, வாடகை 8,000, அட்வான்ஸ் 50,000 என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுக்கும் முன் மொட்டைமாடித் தார்சில் ஏறி, மேலே பதித்த தட்டோட்டைப் பாருங்கள். அது நாங்கள் காலி செய்து வந்த வீடு; இப்போது மறுபடி வாடகைக்கு வந்திருக்கிறது.

ஐப்பசி மழையில் படுக்கையறை மூலை ஒழுக ஆரம்பித்தது. ஓதம் சுவர் வழியாக இறங்கி சுவிட்ச் பெட்டிக்குள் போய்விட்டது. ஃபேன் சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்று ஷாக். அப்புறம் ஒரு நாள் மேல்பூச்சு பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து நிற்கிறது.

வீட்டுக்காரர் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. "மழை விடட்டுமுங்க தம்பி, கொத்தனாரைக் கூட்டியாறனுங்க" என்பார். மழை விட்டால், கொத்தனார் ஊருக்குப் போயிட்டாருங்க. இந்த மரியாதைப் பேச்சுக்கு எந்தப் பதிவும் இல்லை. நாளைக்கு நீங்கள் சொல்லவே இல்லை என்று அவர் சொன்னால் முடிந்தது. ஆகவே குறையை எழுதி, படம் வைத்து, அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிய பிறகுதான் அவர் பேச்சில் 'தம்பி' காணாமல் போனது.

வாடகையை நிறுத்து, தானாக வழிக்கு வருவார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அதைச் செய்யாதீர்கள். இரண்டு மாத பாக்கியே உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணமாகிவிடும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. உரிமையாளர் செய்ய மறுக்கும் பழுதை நாமே சரி செய்து, செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வயரிங் மாற்ற எங்களுக்கு 6,400 ஆனது. ஒரு மாதம் 4,000, அடுத்த மாதம் 2,400 கழித்து, எலக்ட்ரீஷியன் பில்லின் நகலையும் கொடுத்தோம்.

உடனே மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் 'ரிப்பேர்' ஆனது. கீழ் வீட்டுக்கு மட்டும் ஓடுகிற வினோதமான ரிப்பேர். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்த உரிமையாளருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவு வாங்கலாம். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். ஆனால் வீட்டில் கைக்குழந்தை; குடம் தூக்கிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்க முடியவில்லை. வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், எழுதிக் கேட்டும் மறுத்தால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வெளியேற சட்டம் இடம் தருகிறது. அப்படித்தான் கிளம்பினோம்.

அட்வான்ஸில்தான் ஆளைக் காட்டினார். வெள்ளையடிக்கவும் சுவர்ப் பூச்சுக்கும் என்று 18,000 பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுத் தார்சு ஒழுகிக் கெட்ட சுவருக்கு எங்கள் காசு! சட்டத்தின் அட்டவணைப்படி கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் தலையில் விழுவது குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சில்லறை வேலைகள். நாம் தர வேண்டிய பாக்கி போக மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும்.

அந்த 18,000க்கு இப்போது மனு போட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாம் என்று ஆரம்பத்திலேயே கேட்டோம். "நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்" என்று மறுத்துவிட்டார். அந்தப் பதிவெண் இல்லாததால் இன்றைக்கு ஒவ்வொரு படியிலும் கேள்வி. பதிவுக்கு வர மாட்டேன் என்கிற வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அந்த வீட்டில் இப்போது புது பெயிண்ட் அடித்து போர்டு மாட்டியிருக்கிறார். பார்க்கப் போனால் படுக்கையறையின் வடக்கு மூலையை விரலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும்.