தெருவில் தடுப்பதா, பள்ளியில் தடுப்பதா?

2020 முதல் அமெரிக்கச் சிறுவர், பதின்ம வயதினரை அதிகம் கொல்வது துப்பாக்கிதான். சாலை விபத்தையும் முந்திவிட்டது. சிகாகோவில் பிறந்த இரண்டு வழிகளில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்று பல பகுதிகள் தவிக்கின்றன: தெருவில் இறங்கிச் சண்டையைத் தடுக்கும் கியூர் வயலன்ஸ், பள்ளியில் நடக்கும் பிகமிங் எ மேன்.

யாருக்கு?
தெரு: பழிவாங்கத் துடிப்பவனுக்கு.
பள்ளி: வகுப்புக்கு வரும் மாணவனுக்கு.

யார் செய்வது?
தெரு: பெரும்பாலும் அங்கேயே வளர்ந்து, சிறை கண்டு திருந்தியவர்கள். சுடப்பட்டவனின் நண்பர்களை உடனே தேடிப்போய்ப் பேசுகிறார்கள். போலீசை நம்பாத பையன் இவர்கள் சொன்னால் கேட்பான். உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது. இவர்களில் பலருக்கு நிலையான சம்பளம்கூட இல்லாதது கொடுமை.
பள்ளி: ஆலோசகர். வாரம் ஒருமுறை வட்டமாக அமர்ந்து, கோபத்தில் நிதானிக்கப் பழக்குகிறார்.

பலன்?
தெரு: ஊருக்கு ஊர் மாறுகிறது. 2015இல் இல்லினாய் மாநில நிதி நின்றதும் பல இடங்களில் வேலை முடங்கியது.
பள்ளி: சான்று வலுவானது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் வன்முறைக் கைதுகள் 45-50% குறைந்தன; திட்டம் முடிந்தபின் அது நீடிக்கவில்லை.

குண்டுச்சத்தம் ஓயாத பகுதிக்கு முதலில் தெரு வழியே என்பேன். ஓரளவு அமைதி திரும்பிய இடத்துக்குப் பள்ளி வழி. படிப்பை நிறுத்திய பையன்களை அது எட்டாது. அவர்களுக்குத் தெரு ஊழியர்தான் வேண்டும்.