எம்டிபி சைக்கிளில் கிராங்க் செட் மாற்றம்: 11,000 கிலோமீட்டருக்குப் பின்

மேடவாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாகத் தரமணி வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர்; வார நாட்களில் இதுவே என் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரையிலோ, உடல் ஒத்துழைத்தால் மாமல்லபுரம் வரையிலோ சென்று திரும்புவேன். முழுக்கத் தார்ச்சாலை ஓட்டம்தான் என்றாலும், என்னிடம் இருப்பது 26 அங்குலச் சக்கரமும் முன்பக்கச் சஸ்பென்ஷனும் கொண்ட எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான சைக்கிள். அதன் கிராங்க் செட்டை (மிதிகள் பூட்டும் கைகளும் முன்பக்கப் பல்சக்கரங்களும் சேர்ந்த தொகுதி) மாற்றி இரண்டரை ஆண்டுகளாகின்றன. அதன்பின் 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டதால், மாற்றத்தின் பலனை இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

பழைய கிராங்க் செட்டில் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று பல்சக்கரங்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருந்தன. பின்னால் 14 முதல் 28 பல் வரையிலான ஏழு அடுக்கு ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி. மலைப்பாதையில் ஏறுவோருக்கு 24 பல் சக்கரம் தேவைதான். என் பாதையிலோ மிகப் பெரிய ஏற்றமே வேளச்சேரி மேம்பாலம் என்பதால் அந்த 24 பல் சக்கரத்தை நான் தொட்டதே இல்லை. 1.5 அங்குல வழவழப்பான டயருடன் என் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். ஆகவே முன்னால் 42, பின்னால் 14 பல் என்ற (42-க்கு 14) உச்ச கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 6 மீட்டர். நிமிடத்திற்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 28.8 கிலோமீட்டர். சித்திரை, வைகாசியில் தெற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில், முட்டுக்காட்டிலிருந்து வடக்கே திரும்பும்போது கால்கள் பிடிமானமின்றிச் சுழலத் தொடங்கிவிடும். இந்தக் குறைதான் 48, 38, 28 பற்கள் கொண்ட கிராங்க் செட்டை வாங்கத் தூண்டியது. கிராங்கின் நீளம் பழையதைப் போலவே 170 மில்லிமீட்டர்.

கணக்கு பொய்க்கவில்லை. 48-க்கு 14-இல் ஒரு சுற்றுக்கு 6.86 மீட்டர் கிடைப்பதால், முன்பு 80 சுற்றில் எட்டிய அதே 28.8 கிலோமீட்டர் வேகத்தை இப்போது 70 சுற்றில் எட்டுகிறேன். ஆனால் 48 பல் சக்கரம் எனக்குப் பயன்படுவது மாதத்தில் சில மணி நேரமே. மார்கழியில் வடகிழக்கிலிருந்து காற்று வீசும்போது, அதே சாலையில் திரும்பும் வழியில் அதைப் போட்டு மிதிப்பது முழங்காலுக்குச் செய்யும் தீங்கு. நான் எதிர்பாராமல் பெற்ற பெரிய பயன் நடுவில் உள்ள 38 பல் சக்கரத்தில் இருந்தது. முன்பு ஒவ்வொரு சிக்னலிலும் 34-இல் கிளம்பி, வேகம் எடுத்ததும் 42-க்கு மாற்றி, அடுத்த சிக்னலில் மீண்டும் இறக்க வேண்டியிருந்தது. இப்போது 38-இலேயே வைத்துவிட்டு, பின்பக்கத்தை மட்டும் மாற்றி, மணிக்கு 13 கிலோமீட்டரிலிருந்து 26 கிலோமீட்டர் வரை அதே 80 சுற்றில் ஓட்ட முடிகிறது. நகரத்துக்குள் நான் பெரும்பாலும் செல்லும் 20 முதல் 23 கிலோமீட்டர் வேகத்திற்கு 18, 16 பல் சக்கரங்களே போதுமானவையாக இருப்பதால் செயினும் அதிகம் கோணாமல் ஓடுகிறது. முன்பக்கப் பல்சக்கரத்தை மாற்றும் இடதுகை ஷிஃப்டரைத் தொடாமலேயே அலுவலகம் போய்ச் சேரும் நாட்களே அதிகம்.

பொருத்துவதில்தான் சிரமப்பட்டேன். பாரிமுனைப் பக்கத்துக் கடை ஒன்றில் பழைய பாட்டம் பிராக்கெட்டை (கிராங்குகளைத் தாங்கும் அச்சுத் தொகுதி) கழற்றிய மூத்த மெக்கானிக், "தம்பி, செயின் பக்கத்துக் கப்பு எதிர்த்திசையில்தான் கழலும், அது தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று காட்டிக் கொடுத்தார். உள்ளே மழைநீர் புகுந்து, கிரீஸ் சேறாகி, பேரிங் குண்டுகள் துருவேறியிருந்தன. அதற்குப் பதிலாக ஆக்சிலும் பேரிங்கும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்ட மூடிய கார்ட்ரிட்ஜ் வகையைப் போட முடிவு செய்தேன். என் சட்டகத்தில் அது பொருந்தும் கூடு 68 மில்லிமீட்டர் அகலம். முதலில் போட்டுப் பார்த்த 113 மில்லிமீட்டர் ஆக்சிலில் பல்சக்கரம் சட்டகத்தை உரசும் அளவுக்கு நெருங்கியதால், 122.5 மில்லிமீட்டர் ஆக்சிலுக்கு மாற வேண்டியதாயிற்று. கிராங்க் செட்டை வாங்கும்போதே அதற்குரிய ஆக்சில் நீளத்தைக் கேட்டு வாங்குவது அலைச்சலைக் குறைக்கும். 42 பல்லுக்கென வளைக்கப்பட்ட முன் டெரெயிலரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) உயர்த்தி வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். செயின் உரசும் ஓசை தீராததால் 48 பல்லுக்குரியதை வாங்கினேன். அதன் வெளித்தகட்டுக்கும் பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பெரிய சக்கரம் ஆறு பல் கூடியதால் செயினிலும் நான்கு கண்ணிகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

கிராங்கை முறுக்கிப் பொருத்தும் வேலையை வீட்டருகே வேறொரு கடையில் கொடுத்ததுதான் எனக்கு நேர்ந்த இழப்பு. சதுர ஆக்சிலில் ஏறும் கிராங்கின் போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும்; அங்கே சாதாரண ஸ்பானரால் கைப்பிடி அளவில் முறுக்கிவிட்டார்கள். சில நாட்களில் கோவளம் அருகே இடது மிதியில் 'டக் டக்' என்ற ஓசை கேட்டது. பெடலின் ஓசை என்று எண்ணி வீடு வரை மிதித்தே வந்தேன். அதற்குள் கிராங்கின் அலுமினியச் சதுரத் துளை உருக்குலைந்துவிட்டது. எஃகு ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கிராங்கை மட்டும் மீண்டும் வாங்கி, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு நானே பொருத்தினேன். அதன்பின் இன்றுவரை ஓசையில்லை. அப்படி ஓசை கேட்டால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதே கிராங்கைக் காப்பாற்றும்.

இந்த இரண்டரை ஆண்டுகளில் மூன்று செயின்களும் ஒரு ஃப்ரீவீலும் மாற்றியிருக்கிறேன். தேங்கிய மழைநீரில் பலமுறை ஓட்டியும் கார்ட்ரிட்ஜ் இன்னும் ஆட்டமின்றிச் சுழல்கிறது. கடற்காற்றில் போல்ட் தலைகள் மட்டும் துருப்பிடிக்கின்றன. கடற்கரைச் சாலை ஓட்டத்துக்குப் பின் ஈரத் துணியால் துடைத்து எண்ணெய் தடவுகிறேன். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர்கள் முதலில் வழவழப்பான டயருக்கே மாற வேண்டும்; முரட்டு டயரிலிருந்து மாறியபோது கிடைத்த இலகுவை இந்தக் கிராங்க் செட் தரவில்லை, செலவோ அதைப்போல் இரு மடங்கு ஆனது. பல்சக்கரங்கள் போல்ட்டால் பூட்டப்பட்டவை என்பது இதில் எனக்குப் பிடித்த இன்னொரு தன்மை. 38 பல் சக்கரத்தின் பற்கள் இப்போது கூர்மையாகத் தொடங்கியிருப்பதால், அடுத்த செயினோடு அந்த ஒன்றை மட்டும் மாற்றப்போகிறேன்.