கொடைக்கானல் மேல்மலை ‘ஏரிக்கரை மரவீடு’: தேனிலவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

“தனி ஏரி, தனி மரவீடு, உங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது” என்று புதுமணத் தம்பதிகளைக் குறிவைத்துக் கொடைக்கானல் மேல்மலை விளம்பரங்கள் இப்போது சமூக வலைத்தளங்களில் நிறைய வருகின்றன. அப்படி ஒன்றுக்கு நாங்கள் 32,000 ரூபாய் கொடுத்தோம். கிடைத்தது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு பண்ணைக்குட்டையும். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்றிரவு அவர்கள் அறைக்குள் கொண்டுவந்து வைத்த ஒரு பொருள் எங்கள் உயிருக்கே உலை வைத்திருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விடுதியின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். தவிர, அந்தப் பெயரால் உங்களுக்குப் பயனும் இல்லை. நாங்கள் பணம் கட்டியபோது இருந்த பெயர் இப்போது அவர்கள் பக்கத்தில் இல்லை.

ஐப்பசியில் எங்கள் திருமணம். மறுவீடு, மாமா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து எல்லாம் முடிந்து, இனி யார் வீட்டிலும் இலை போட்டுவிடக் கூடாது என்று தப்பித்து ஓடுவதுபோலக் கிளம்பினோம். கூட்டமில்லாத இடமாக வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே நிபந்தனை. விளம்பரப் படத்தில் பச்சை நீர், பின்னால் பனி மூடிய பாறை மலை, நீருக்குமேல் மரத்தூண்களில் நிற்கிற ஒரு வீடு. பழனி மலைத்தொடரில் இப்படி ஒரு பனிமலை ஏது என்று நான் கேட்டதற்கு, “அது பனிமூட்டம் தங்கச்சி, மார்கழி நெருங்க நெருங்க இப்படித்தான் வெள்ளையாகத் தெரியும்” என்றார் உரிமையாளர். என்னைத் தங்கச்சி என்றார், என் கணவரை மாப்பிள்ளை என்றார். உள்ளே எப்படி இருக்கும் என்று வீடியோ கேட்டோம். ஜன்னலுக்கு வெளியே மேகம் நகர்கிற அரை நிமிடக் காட்சி வந்தது. அதில் மேகம் மட்டும்தான் இருந்தது.

அந்தப் படம் இத்தாலியில், டோலமைட் மலைத்தொடரில் உள்ள பிராயஸ் ஏரி. பிறகு கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தபோது நொடியில் வந்துவிட்டது. அந்த மரவீடும் வீடே அல்ல. சுற்றுலாப் பயணிகளுக்குத் துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிற படகுக் கொட்டகை. அதில் அங்கேயே யாரும் படுத்துத் தூங்க முடியாது.

பாதிப் பணம் முன்பணம். மீதி, கிளம்புவதற்கு முந்தைய நாள்; பூ அலங்காரத்துக்குப் பொருள் வாங்க வேண்டுமாம். யுபிஐயில் அனுப்பும்போது விடுதியின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டால் “மேனேஜர் கணக்கு” என்றார்கள். இதற்குமேல் இ-பாஸ் கட்டணம் என்று 500 ரூபாய். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது இலவசம். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணும் தங்கும் நாட்களும் கொடுத்தால் நாமே எடுத்துக்கொள்ளலாம். இலவசமானதற்கு ஒருவர் காசு கேட்கிறார் என்றால் மற்றதிலெல்லாம் எவ்வளவு அடிப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி, கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுப் போனோம். அன்றைய நாளில் உருப்படியாக நடந்தது அந்தத் தரிசனம் ஒன்றுதான். ஊரைச் சுற்றிப் படிப்படியாக இறங்குகிற பூண்டு வயல்களையும் சொல்ல வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து மண்ணில் விளைவதுதான். அதற்குப் பிறகு எங்கே போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. இடத்தின் வரைபடக் குறியை அவர்கள் அதுவரை அனுப்பவில்லை. “பூம்பாறை தாண்டி அழையுங்கள்” என்பதுதான் உத்தரவு. மேல்மலையில் பல இடங்களில் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு டீக்கடை வாசலில் நெடுநேரம் நிற்க வைத்து, இருட்டத் தொடங்கியபோது ஒரு ஜீப் வந்தது. “மேலே கார் ஏறாது, காரை இங்கேயே விடுங்கள், ஜீப்புக்கு 2,500.” அந்த நேரத்தில் அந்தக் குளிரில் யார் பேரம் பேசுவார்கள்? காரை விட்டுவிட்டு ஏறிவிட்டால் அதன்பிறகு இறங்குவதும் அவர்கள் தயவில்தான்.

மரவீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக்கூரை போட்ட சிறிய அறை. உள்சுவரில் மரப்பலகை மாதிரி அச்சிட்ட ஸ்டிக்கர் தாள் ஒட்டியிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் அது ஈரத்தில் ஊறிச் சுருண்டிருந்தது. விரலால் இழுத்தால் உள்ளே சிமெண்ட் அட்டை, அதன்மேல் கருப்புப் பூஞ்சணம். கட்டிலில் ரோஜா இதழ் என்று தூவியிருந்தது துணிப் பூ, துவைத்துத் துவைத்து நிறம் போனது. சுவரில் மாட்டிய தெர்மோகோல் பலகையில் இதயம் வரைந்து இரண்டு பெயர்கள். இரண்டுமே எங்கள் பெயர் இல்லை. பராமரிப்பாளர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் அசராமல், “காலையில் மாற்றிவிடுகிறேன் அக்கா” என்றான். யாரோ ஒரு ஜோடி, அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

தனிமை என்றார்களே, பக்கத்திலேயே அதே மாதிரி இன்னும் மூன்று கொட்டகைகள். ஒன்றில் ஒலிபெருக்கியோடு வந்த இளைஞர் கூட்டம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் ‘தனி ஏரி’ என்றுதான் விற்றிருப்பார்கள்.

இனி அந்த இரவு. நல்ல குளிர். ஹீட்டர் கேட்டோம். “வோல்டேஜ் பற்றாது அக்கா” என்று போன தம்பி, ஓர் இரும்புச் சட்டியில் கனல் பறக்கிற அடுப்புக்கரியைக் கொண்டுவந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தான். “கதவு, ஜன்னல் எல்லாம் நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள், விடியும்வரை கதகதப்பாக இருக்கும்” என்று அறிவுரை வேறு. அவனைக் குறைசொல்ல மாட்டேன். சின்னப் பையன், சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறான்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கரி நன்றாகக் கனன்று புகை அடங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று தோன்றும். அப்போதும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது, அப்படியே போய்விடுவார். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்புக் கரியை அறைக்குள் விட்டுவிட்டுத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. செய்தித்தாள்களில் வந்தது. அந்தச் செய்தி என் நினைவில் இருந்ததால் என் கணவர் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். பக்கத்துக் கொட்டகைகளையும் தட்டிச் சொன்னோம். ஒலிபெருக்கிக் கூட்டம்தான் முதலில் கேட்டுக்கொண்டு தங்கள் சட்டியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தது. நாங்கள் ஸ்வெட்டர், சால்வை, கல்யாணத்துக்கு வந்த பட்டு வேட்டி என்று இருந்ததையெல்லாம் போர்த்திக்கொண்டு விடியவிட்டோம்.

எந்த மலையில் எந்த விடுதியில் தங்கினாலும் சரி, கரிச்சட்டியைப் படுக்கை அறைக்குள் விடாதீர்கள். கணப்பு வேண்டுமென்றால் புகைபோக்கி வைத்த கணப்படுப்பு இருக்க வேண்டும், அல்லது மின்சார ஹீட்டர். இரண்டும் இல்லையென்றால் கூடுதல் கம்பளி கேளுங்கள்.

விடியலில் ஏதோ மோட்டார் சத்தம். வெளியே போய்ப் பார்த்தால்தான் ‘ஏரி’யின் முழு உருவம் தெரிந்தது. மண்ணைத் தோண்டி, கருப்புப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, ஓரங்களில் கல் வைத்து அழுத்திய சதுரக் குட்டை. கரையில் டீசல் பம்பு. குழாய் கேரட் பாத்திக்குப் போகிறது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இது என் குட்டையம்மா. மருந்தடிக்கவும் பயிருக்கும் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் இதன் ஓரத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை” என்றார். ஆக, அந்தக் குட்டைகூட விடுதிக்காரருடையது இல்லை!

மேல்மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த வகை விளம்பரத்தில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகும். இந்த மலையில் பேர் சொல்லும்படியான ஏரி எதுவும் தனியார் வீட்டு முற்றத்தில் இல்லை. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது. நகரின் நடுவில் இருக்கிறது, சுற்றிச் சாலை, சாலை முழுக்கச் சைக்கிள். பேரிஜம் ஏரி காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக முடியும், சுற்றுலாப் பயணிகள் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். மன்னவனூர் ஏரியில் வனத்துறையின் சூழல் சுற்றுலா நடக்கிறது. கூக்கால் ஏரி ஊரை ஒட்டிக் கிடக்கிறது. அப்படியிருக்க, உங்கள் இருவருக்கு மட்டும் ஓர் ஏரி என்று ஒருவர் சொன்னால், எந்த ஊர், எந்த ஏரி, யார் பொறுப்பில் என்று கேளுங்கள். பதில் இழுபடும்.

மறுநாளே கிளம்புகிறோம், மீதி இரவுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றோம். அந்த நொடியில் தங்கச்சி, ‘மேடம்’ ஆகிவிட்டேன். பணம் திரும்பாது, போட்ட நெருப்புக்குக் கட்டணம் பாக்கி, அதைக் கட்டினால்தான் ஜீப் வரும் என்றார் உரிமையாளர். நாங்கள் பேச்சை வளர்க்கவில்லை. அந்தப் பெரியவரின் மகன் கேரட் மூட்டை ஏற்றிய வேனில் எங்களையும் பெட்டியையும் ஏற்றி, கார் நின்ற டீக்கடையில் இறக்கிவிட்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. ஒரு பை கேரட்டும் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புகார். இல்லாத விடுதிக்குப் பணம் வாங்கி ஏமாற்றியிருந்தால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும். எங்கள் விஷயத்தில் இடம் என்று ஏதோ ஒன்று இருந்ததால் நுகர்வோர் வழி. 1915 நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடைக்கானலுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தாக்கல் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

ரசீது கேட்டதற்கு அவர்கள் அனுப்பியதில் ஒரு ஜிஎஸ்டி எண் இருந்தது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. இவர்களுடையது வேறு எண்ணில் தொடங்கியது. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் அப்படி ஒரு பதிவே இல்லை. விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐ விவரம், சுவர் ஸ்டிக்கர், கரிச்சட்டி, குட்டை என்று எல்லாவற்றின் படத்தையும் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

நோட்டீஸ் போனபிறகு உரிமையாளர் அழைத்தார். பாதிப் பணம் தருகிறேன், வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கூகுளில் போட்ட விமர்சனத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார். மறுபடியும் தங்கச்சி என்றுதான் அழைத்தார். முழுப் பணத்தோடு, எல்லா அறைக்கும் ஹீட்டர் வாங்கிய பில்லையும் அனுப்புங்கள் அண்ணே, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் எதுவும் வரவில்லை.