கிரியாட்டினினா, சிஸ்டாட்டின் சி-யா?

சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வழக்கமான ரத்தப் பரிசோதனை நேரடியாக அளப்பதில்லை; மதிப்பிடுகிறது. பெரும்பாலும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான்; வடிகட்டல் குறைந்தால் அதன் அளவு ஏறும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது தசையிலிருந்து வருவது. படுத்த படுக்கையாக மெலிந்துபோன முதியவருக்கு டெசிலிட்டருக்கு 0.8 மி.கி. என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் அளவு குறைவாகவே தெரியும். நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பிழைக்குத்தான். தசை திரண்டவருக்கு நேர்மாறு. டிரைமெத்தோபிரிம் என்ற கிருமிக்கொல்லி மருந்தோ, வடிகட்டல் குறையாமலே அளவை ஏற்றிவிடும்.

சிஸ்டாட்டின் சி, உட்கருவுள்ள எல்லாச் செல்களிலும் உருவாகும் சிறு புரதம். தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. ஆனால் ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு, உடல்பருமன், புகைப்பழக்கம், அழற்சி ஆகியவை அதைக் குழப்பும். விலையும் கூடுதல்.

முதலில் கிரியாட்டினின் போதும். எண்ணும் எதிரே இருக்கும் ஆளும் பொருந்தாவிட்டால் சிஸ்டாட்டினையும் பார்த்து, இரண்டும் சேர்ந்த சூத்திரத்தில் கணக்கிடுங்கள். பொதுவாக அதுவே உண்மைக்கு நெருக்கம். சிறுநீரகத் தானம் போன்ற முடிவுகளில் ஐயம் மிஞ்சினால், ஐயோஹெக்சால் என்ற பொருளை ரத்தத்தில் செலுத்தி வடிகட்டலை நேரடியாகவே அளக்கலாம்.