ஈரத்தில் வாங்கி, காயவைத்து விற்கிற தொழிலுக்கு எந்த சாஃப்ட்வேர்?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் போகிற ரோட்டில் எங்கள் களம் இருக்கிறது. செக்போஸ்ட் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். மட்டை மில்களிலிருந்து தென்னைநார்த் தூளை லோடு லோடாக வாங்கி, உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அழுத்தி 5 கிலோ பிளாக்காக விற்கிறோம். கணக்கு இத்தனை வருடமும் நோட்டிலும் எக்செல்லிலும்தான் ஓடியது. இனி முடியாது என்று ஆனபிறகு டேலி பிரைம், ஜோஹோ, ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ நான்கையும் எங்கள் சொந்தக் கணக்கைப் போட்டே பார்த்தோம். எஸ்ஏபி பிசினஸ் ஒன் பெரிய இடத்துக்கானது. எங்கள் அளவுக்கு அதை விலை விசாரித்ததோடு விட்டுவிட்டோம்.

எந்த சாஃப்ட்வேரைப் பார்ப்பதற்கு முன்பும் எங்கள் மேஸ்திரி கேட்ட கேள்வியைத்தான் முன்னால் வைத்தோம். "ஏனுங்க, தூள் ஈரம் அறுவதுங்க. பத்து டன்னுன்னு மட்டும் எழுதிட்டா நட்டம் யாருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

கணக்கைப் பாருங்கள். 10 டன் லோடில் ஈரம் 50 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் உலர்ந்த தூள் 5,000 கிலோ. அதை 15 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கிடைப்பது சுமார் 5,880 கிலோ, அதாவது 1,176 பிளாக். அதே 10 டன்னில் ஈரம் 60 சதவீதமாக இருந்தால் 941 பிளாக்தான். பில்லில் இரண்டும் ஒரே எடை, ஒரே விலை. 235 பிளாக் எங்கே போனது என்று வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது தேடிப் பிரயோஜனம் இல்லை. ஆகவே நான் தேடியது இந்த ஈரத்தை லோடு இறங்கும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிற சாஃப்ட்வேரை.

டேலியை எல்லோருக்கும் தெரியும். ஆடிட்டருக்கும் தெரியும், பக்கத்து மில்லின் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். இது சின்ன வசதி இல்லை. ஆள் நின்றுவிட்டால் அடுத்த வாரமே வேறு ஆள் கிடைப்பார். பில்லில் உள்ள அளவையும் உண்மையில் இறங்கிய அளவையும் தனித்தனிக் கட்டத்தில் போடலாம். ஒரே மட்டையிலிருந்து நாரும் தூளும் வருகிற மில்காரர்களுக்கு உடன்விளைபொருள், உபபொருள், கழிவு என்று பிரித்துப் போடும் வசதியும் உண்டு. மேனுஃபேக்சரிங் ஜர்னலில் எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்று எழுதினால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை. ஈரத்தை நரேஷன் என்ற குறிப்புக் கட்டத்தில் எழுதலாம், பிறகு அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வழி இல்லை. விலையையும் யோசிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு டேலியின் சில்வர் பதிப்பு போதும். களத்திலும் ஆபீஸிலும் சேர்ந்து வேலை நடக்க வேண்டுமென்றால் கோல்டு, அது மூன்று மடங்கு விலை.

ஜோஹோ மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. நம்மைப் போலவே கேரள எல்லையை ஒட்டிய தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். போனில் பில் போடுவது, ஜிஎஸ்டி, சரக்கோடு லாரியில் போக வேண்டிய இ-வே பில் எல்லாம் நாங்கள் பார்த்தவற்றிலேயே சுலபம். ஆனால் நாங்கள் பார்த்த ஜோஹோ இன்வென்டரி, பல உதிரிகளைச் சேர்த்து ஒரு பொருள் செய்கிறவர்களுக்குப் பொருத்தமாக இருந்தது. பம்ப்செட் கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். காய்ந்து குறைகிற சரக்குக்கு அது ஒத்துவரவில்லை.

எல்லையில் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. எங்கள் பிரஸ் பழுதாகும்போது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு யூனிட்டுக்குக் காய்ந்த தூளை அனுப்பி, கூலிக்கு அழுத்தி வாங்குவோம். ஏழெட்டு கிலோமீட்டர்தான். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே, இ-வே பில் வேண்டாம் என்று அனுப்பி, ஒருமுறை லாரி அரை நாள் ரோட்டிலேயே நின்றது. ஜாப் ஒர்க் எனப்படும் இந்தக் கூலி வேலைக்காக மாநிலம் தாண்டினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவும் வேண்டும், ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்டவும் வேண்டும். டேலியிலும் ஈஆர்பிநெக்ஸ்ட்டிலும் ஜாப் ஒர்க்கர் வசம் எவ்வளவு சரக்கு நிற்கிறது என்று தனி குடோனாகவே பார்க்கலாம். இரண்டு பக்கமும் சொந்த யூனிட் வைத்திருப்பவர்களுக்கு தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32 என்று தொடங்கும் இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே சரக்கு போனாலும் மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட்டு பில் போட்டாக வேண்டும். டேலியில் முன்பு இதற்கு இரண்டு கம்பெனி திறக்க வேண்டியிருந்தது. பிரைம் 3.0 வந்தபிறகு ஒரே கம்பெனிக்குள் முடிகிறது.

ஓடூ பெல்ஜியத்துக்காரர்களுடையது. நான்கில் பார்க்க அழகானதும் அதுதான். உற்பத்திப் பகுதியில் உபபொருளுக்குச் செலவை எத்தனை சதவீதம் ஏற்றுவது என்றுகூடச் சொல்லலாம். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் அது தெரிந்த ஆட்கள் நிறைய. ஆனால் இலவசப் பதிப்பில் முழுக் கணக்குப் பகுதி இல்லை, தரச் சோதனைப் பகுதியும் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும். களத்தில் நாலு பேர் டைப் செய்கிற எங்களுக்கு அது சுமை.

நாங்கள் கடைசியில் நின்றது ஈஆர்பிநெக்ஸ்ட்டில். அதைத் தொடங்கியவர் தம் குடும்பத்து ஃபர்னிச்சர் தொழிலில் ஈஆர்பி (ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒன்றாக ஓடுகிற சாஃப்ட்வேர்) போட்டுப் பட்ட கஷ்டத்திலிருந்துதான் தொடங்கினார் என்பது தெரிந்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. தரச் சோதனை உள்ளேயே இருக்கிறது. ஈரம், தூளில் எவ்வளவு உப்பு என்று காட்டும் ஈசி இரண்டுக்கும் மேல் எல்லை கீழ் எல்லை வைத்துவிட்டோம். அந்த ரீடிங்கைப் போடாமல் லோடை உள்ளே ஏற்ற விடாது. ஆளுக்கு இவ்வளவு என்ற லைசென்ஸ் இல்லை. அதற்காகச் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். சர்வருக்கு மாதச் செலவு உண்டு, அமைத்துத் தர ஆள் வேண்டும், அந்த ஆள் தூள் தொழிலை அறிந்தவராக இருக்க மாட்டார். நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். நெட் போனால் வேலை நிற்கும் என்பதும் உண்மை. டேலி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும், அதற்கு அந்தக் கவலை இல்லை.

மாதத்துக்கு ஐந்தாறு லோடு வாங்கி உள்ளூரிலேயே விற்பவர் என்றால் டேலியே போதும், ஈரத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்காரருக்கு லாட் வாரியாக ஈசி காட்டிக் கொடுப்பவர் ஈஆர்பிநெக்ஸ்ட்டைப் பாருங்கள். ஆனால் டேலியில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை என்று இரண்டிலும் எழுதுகிற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டே மாதத்தில் இரண்டு ஸ்டாக் வரும்.

டெமோவுக்கு வருகிறவர்களிடம் போன மாதத்து லோடு ஒன்றின் சீட்டைக் கொடுங்கள். இறங்கியது முதல் பிளாக்காகக் கிளம்பியது வரை உங்கள் கண்முன்னால் போடச் சொல்லுங்கள், அதில் ஒரு நடை சித்தூர் போய் வந்ததாகவும் வையுங்கள். நாங்கள் கேட்டபோது இரண்டு பேர் அடுத்த வாரம் வருகிறோம் என்று எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் மதியம் வரை உட்கார்ந்து போட்டுக் காட்டினார். அவரிடம்தான் வேலையைக் கொடுத்தோம்.