பள்ளி ஆய்வுக்குப் பணம்: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். நிதியா, கம்பெனி சி.எஸ்.ஆரா?

திருப்பூரைச் சுற்றியுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வீட்டில் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பெற்றோருடன் காம்பவுண்டு வீடுகளில் குடியிருப்பவர்கள். இவர்கள் தமிழ் வாசிக்கப் பழகுவதை எப்படி எளிதாக்கலாம் என்று எங்கள் கல்லூரி, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் (அதாவது டயட்), பள்ளி ஆசிரியர்கள் என மூன்று தரப்பும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கியிருக்கிறோம். வகுப்பெடுக்கும் ஆசிரியரும் இதில் ஆய்வாளர்தான்.

பணத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1969இல் மத்திய அரசு தொடங்கிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதி. எல்லோரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றுதான் சொல்கிறோம். மற்றது, உள்ளூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம். இதற்கு முன்பு கம்பெனிப் பணத்தில் ஒரு வாசிப்புத் திட்டம் செய்த அனுபவமும் எனக்கு உண்டு. இந்த முறை ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பக்கம் போனோம். கல்வி ஆய்வு என்றால் அதுதான் சரி என்பது என் கட்சி.

வேகத்தில் கம்பெனிதான் முன்னால். நிர்வாக இயக்குநருக்கு விஷயம் பிடித்துப்போனால் வேலை மளமளவென்று நடக்கும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், நிபுணர் குழு முன் விளக்க வேண்டும். கணக்கு ஒப்படைப்பதிலும் கம்பெனிப் பணம் லேசு. இதெல்லாம் தெரிந்ததுதான்.

சி.எஸ்.ஆர். சட்டத்தில் மட்டும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் பல, பேர்தான் கம்பெனி. சட்டப்படி கூட்டு வியாபாரமாகவோ தனி உரிமையாளர் நிறுவனமாகவோ இருப்பவை. இந்தப் பிரிவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்பட்ட கம்பெனியும் தன் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டுமே செய்வதைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் இது உடனே இடிக்கும். பள்ளிகளை அந்தக் கம்பெனியோடு தொடர்பில்லாமல் தேர்ந்தெடுத்தால்தான் தப்பிக்கலாம். அப்புறம், சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கியிருப்பது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவத்துக்குத்தான். எங்களைப் போன்றவர்கள் ‘கல்வி மேம்பாடு’ என்ற தலைப்பின் கீழ் நுழைய வேண்டும். அப்படி நுழைந்தவுடன் நாம் ஆய்வாளர் இல்லை, சேவை செய்பவர் ஆகிவிடுகிறோம்.

என் முடிவைத் தீர்மானித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. எதுவுமே செய்யாத பள்ளியை அளப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் சேரும் ஒரு ஒடியாப் பையனை எடுத்துக்கொள்வோம். நான்கு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான் என்று ஆசிரியர் குறிப்பார். ‘ப… ட… ம்’ என்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தள்ளுவான். ‘ட’வைப் படிக்கும்போது ‘ப’ மறந்துபோயிருக்கும். பொங்கல் முடிந்து அதே பத்தியைக் கொடுத்தால் முக்கால்வாசியை வாசித்துவிடுவான். கூடவே, ‘சார், எனக்கு மட்டும் ஏனுங்க சின்ன புக்கு?’ என்று கேட்பான். ஆய்வுக்காக வகுப்பில் நாங்கள் கொடுக்கும் வாசிப்பு அட்டைகள் அவனுக்கு எவ்வளவு கொடுத்தன? காம்பவுண்டுப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடியதும், மளிகைக் கடைக்கு அம்மாவுக்காகப் பேசப் போனதும் எவ்வளவு கொடுத்தன?

பிள்ளை எப்படியும் ஓரளவு முன்னேறும். அதனால் ஆண்டுத் தொடக்கத்து மதிப்பெண்ணையும் கடைசி மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான். உண்மை தெரிய வேண்டுமென்றால், அட்டை கொடுக்காத பள்ளியிலும் அதே நாளில் அதே பத்தியை வைத்து அளக்க வேண்டும். பாதிப் பள்ளிகளில் அட்டை, மீதிப் பாதியில் வழக்கமான பாடம், இரண்டிலும் ஒரே சோதனை. சோதிக்க ஆள், ஆளுக்குச் சம்பளம், பஸ் காசு எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆகும்.

கம்பெனியில் இதைச் சொன்னபோது, சி.எஸ்.ஆரைக் கவனிக்கும் மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சார், பாதி ஸ்கூலுக்கு நாம ஒன்னுமே செய்யலைன்னு போர்டு மீட்டிங்ல எப்படிங்க சொல்றது?’ என்றார். அவர் நிலையில் அது நியாயமான கேள்வி. அவர் எழுத வேண்டிய அறிக்கையில் பயனடைந்தோர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது; ஒப்பீட்டுப் பள்ளிக்கு அதில் பூஜ்யம்தான் போட முடியும். தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று 2021இல் விதி வந்தது உண்மை. ஆனால் சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடிக்குக் குறையாத கம்பெனிக்கும், அதிலும் ஒரு கோடிக்குக் குறையாத திட்டத்துக்கும்தான் அது பொருந்தும். நம் ஊரில் அந்த அளவு கம்பெனிகள் சிலவே. மற்றவர்களுக்கு அளந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆராய்ச்சிக் கழக நிதியில் நிலைமை தலைகீழ். ஒப்பீட்டுப் பள்ளி இல்லாமல் முன்மொழிவு எழுதினால் நிபுணர் குழுவில் வரும் முதல் கேள்வியே அதுதான். களப்பணியாளர் சம்பளம், பயணம் என்று பட்ஜெட்டில் இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் சேர்த்தே கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அட்டைகளால் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை அப்படியே அறிக்கையில் எழுதலாம். எங்கள் முடிவு என்ன வரப்போகிறதோ, இன்னும் கையில் இல்லை. ஆனால் எது வந்தாலும் எழுதலாம் என்கிற நிம்மதி எனக்குப் பெரிது. நாளை இந்த அட்டைகளை மாவட்டம் முழுக்கக் கொடுக்கச் சொன்னால், வகுப்பில் ஒரு பீரியடை இதற்கு விட்டுக்கொடுக்கப் போவது ஆசிரியர்கள்தானே.

இந்த வழியின் தொந்தரவையும் சொல்லிவிடுகிறேன். பணம் தவணையாக வரும். கொடுத்ததைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழும் (யூ.சி.) முன்னேற்ற அறிக்கையும் போனால்தான் அடுத்த தவணை. யூ.சி. என்பது 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். ஒவ்வொரு தலைப்புக்கும் செலவு தனித்தனியாக நிற்க வேண்டும். பயணத் தலைப்பில் மிச்சமானதை அச்சுக்கு மாற்றக் கேட்டுத்தான் மாற்ற முடியும். மினிபஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த அரசு நிதியிலும் தவணைகளுக்கு நடுவே இடைவெளி விழுவது சகஜம், களப்பணியாளருக்கோ மாதாமாதம் சம்பளம் வேண்டும். அதை முன்பணமாகக் கொடுக்கக் கல்லூரி நிர்வாகம் ஒப்புக்கொண்டதா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் எந்த வழியிலும் வேண்டும். அதற்கு டயட் கூட்டாளியாக இருப்பது பெரிய பலம்.

ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி, பர்கூர் மலைப் பள்ளிகளுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே பல வீடுகளில் கன்னடம். தாளவாடிக்குப் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், 2022 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு வேறு. தங்கும் செலவும் வண்டி வாடகையும் ஏறிவிடும். கையோடு ஜீப் கொடுக்கும் கம்பெனி ஒன்று அங்கே அதிக உதவியாக இருக்கலாம். நான் சி.எஸ்.ஆரில் வேலை செய்ததும் ஒரே கம்பெனியோடுதான். சொந்தமாகக் கல்வி அறக்கட்டளை வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம்.

முன்னாள் மாணவர்களிடம் கேட்பது மூன்றாவது வழி. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் கொண்டுவந்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இதற்கு நல்ல வாசல். வகுப்பறை, கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்றால் நம் ஊரில் கை தாராளம். ஆய்வுக்கு என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் சி.எஸ்.ஆர். தான் வேண்டும் என்றால், ஒப்பீட்டுப் பள்ளிகளை ஒப்பந்தத்திலேயே பெயர் போட்டு எழுதுங்கள். திட்டத்தைக் கம்பெனி ‘தொடர் திட்டம்’ என்று பதிவு செய்யட்டும். அப்போதுதான் மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் ஜூனில் தொடங்கும் பள்ளி ஆண்டோடு ஒட்டிப் போக முடியும். கல்லூரி டிரஸ்டுக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்-1 எண்ணும் இருக்கின்றனவா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பணத்துக்குச் சரியான இடம் ஆய்வு முடிந்த பிறகு வருகிறது. அட்டைகள் பலன் தருவதாகத் தெரிந்தால், இதுவரை கிடைக்காத ஒப்பீட்டுப் பள்ளிகளுக்குத்தான் அவை முதலில் போக வேண்டும். அதைச் சொன்னதும் அதே மேனேஜர், ‘இதுன்னா நான் பேசறனுங்க சார், ரிசல்ட் வந்ததும் பிரிண்டிங் கொட்டேஷன் மட்டும் அனுப்பிடுங்க’ என்றிருக்கிறார்.